அக்கா கேட்ட இன்னொரு பிரிண்ட்

எங்கள் சித்தப்பாவுக்குக் கோயில் குளத்தில் அவ்வளவாக நாட்டம் கிடையாது. குடும்பப் போட்டோ என்றால் மட்டும் பக்தி பொங்கிவிடும். வாரமெல்லாம் மராத்தி ஊரான கட்கியில் ஃபேக்டரி ஷிப்ட். ஞாயிறானால் கழுத்தில் கேமராவோடு குவார்ட்டர்ஸில் இறங்கிவிடுவார். காதுகுத்து, சீமந்தம், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் பெண் படம், எல்லாம் அவர் கைவண்ணம்தான். துணி காயும் கொடியில் நீலப் போர்வை தொங்கினால் அதுதான் ஸ்டூடியோ.

அவரிடம் ஒரு தந்திரம் உண்டு. எல்லோரையும் விறைப்பாக நிறுத்தி ஒருமுறை அமுக்குவார். "பஸ், ஹோ கயா" என்பார். முடிந்ததென்று நாம் மூச்சு விடும்போது இன்னொருமுறை அமுக்கிவிடுவார். முதல் படம் ஊருக்கு, இரண்டாவது தனக்கு என்பார். ஃபிலிமுக்குத் தண்டம் என்று அப்பா திட்டுவார்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அக்கா, நாம் நாலு பேரும் சேர்ந்து ஒரு படம்கூட இல்லையே என்று திடீரென அடம்பிடித்தாள். போர்வை கட்டியாயிற்று. அம்மா பட்டுப்புடவையில் வேர்த்துக்கொண்டிருந்தாள்.

"வாடி, எம் மடியில ஒக்காரு" என்றாள் அக்கா.

எதிர் பிளாக் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். "நான் இன்னா பாப்பாவா?" என்று சொல்லிவிட்டு அப்பா பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அடுத்த ஞாயிறு படங்கள் வந்தன. இரண்டாவது படத்தில் அப்பா கொட்டாவி விடுகிறார், அம்மா முந்தானையை இழுத்துவிடுகிறாள், நான் காலைச் சொறிகிறேன். அக்கா கேமராவையே பார்க்கவில்லை. தலையைத் திருப்பி எங்கள் மூவரையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"சித்தப்பா, இதுல எனக்குன்னு இன்னொரு பிரிண்ட் போட்டுக் குடுங்க" என்றாள்.

சித்தப்பா அவள் முகத்தைப் பார்த்தார். சரியென்று தலையாட்டினார். நான்தான் குறுக்கே புகுந்தேன்: "ஒரே வீட்ல கீறோம், இன்னாத்துக்கு ரெண்டு?" அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மழைக்காலம் தொடங்கியபோது, கல்லூரிக்குப் போன அக்கா திரும்பி வரவில்லை. தளேகாவில் ஒரு மராத்திப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று தகவல் வந்தது. லோக்கல் ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரம். அப்பா கடைசிவரை அந்த ரயிலில் ஏறவில்லை.

"ஒனக்குத் தெரியும்தானேடா?" என்று சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியாதுண்ணா. அந்தப் படத்தப் பாத்தப்போ மனசுக்கு இன்னாவோ மாதிரி இருந்துச்சி. அவ்ளோதான்."

அப்பா நம்பவில்லை. எங்கள் வீட்டுப் பிரிண்ட் பரணுக்குப் போனது. சித்தப்பாவின் வரவும் நின்றது. பிறகும் அவர் மற்ற வீடுகளுக்குப் படம் பிடித்தார். ஆனால் "ஹோ கயா" என்றதும் மூடியைப் போட்டுவிடுவார். அந்த இரண்டாவது சத்தத்துக்காகக் காத்திருந்து நான் ஏமாந்திருக்கிறேன்.

மடியில் உட்கார்ந்திருக்கலாம். அதைவிட மனதை அறுப்பது வேறொன்று. அப்பாவைச் சிரிக்கவைத்துவிட்ட பெருமையில் அன்று சாயந்திரம் முழுவதும், அக்கா போகிற இடமெல்லாம் பின்னாலேயே போய், "இன்னாத்துக்குக்கா ரெண்டு? இன்னாத்துக்கு ரெண்டு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கேட்கும்போதெல்லாம் அவளும் சிரித்தாள்.