மதிலுக்குள் இருந்த பீரங்கி வாய்

துனீசியக் கடற்கரையில் உள்ள கெலிபியாக் கோட்டையின் காவலர் ஹஷ்மியை மணந்து மலையேறி வந்த அன்றே மன்னூபியா கேட்டாள்: "சன்னல் எங்கே?"

அவர்களுக்குக் கிடைத்த அறை வடக்கு மதிலை ஒட்டியது. ஆள் நீளத்துக்குக் கனமான சுவர். கடல் காதில் விழும், கண்ணில் படாது.

"ஒரு கல்லை அசைச்சாலும் என் வேலை போயிடும்," என்றார் ஹஷ்மி. "கடலைப் பார்க்கணும்னா வா, மேலே போலாம்."

தினமும் சாயங்காலம் கொத்தளத்துக்குக் கூட்டிப்போனார். இருபது வருஷம் கழித்து அவளுக்கு முழங்கால் மடங்கவில்லை. அதன்பிறகு அவர் மட்டும் ஏறிப் பார்த்துவந்து, எந்தப் படகு திரும்பியது, மத்தி கிடைத்ததா என்று ஒன்றுவிடாமல் சொல்வார்.

"இதுல பாதி பொய்தானே?"

"பாதிகூட இல்லை, கால்வாசி."

ஒரு மாரியில் வடக்கு மதிலில் வெடிப்பு விட்டது. தலைநகரிலிருந்து வந்த பொறியாளர் ரவ்தா, உப்புக்காற்று அரித்த வெடிப்பு, வெளியே பூசினால் போதும் என்றாள்.

"ஈரம் உள்ளே இருக்கும்மா," என்றாள் மன்னூபியா. "மழை விட்டு நாலு நாளானாலும் இந்த மூலை காயாது. இங்கே மாட்டுற மிளகாய்ச் சரம் மட்டும் பூசணம் பிடிக்குது."

ரவ்தா சிரித்தாள். "மிளகாய் வேற, மதில் வேற, பெரியம்மா."

அதிகாரிகள் முன்னால் வாயே திறக்காத ஹஷ்மி முன்னால் வந்தார். "முப்பது வருஷமா இந்தச் சுவர்ல முதுகு சாய்ச்சு உட்கார்ந்தவ அவ. கொஞ்சம் கேளுங்கம்மா."

சுண்ணாம்பைச் சுரண்டினார்கள். மூலையில் பெருங்கற்களுக்கு நடுவே பொடிக்கற்கள். அவற்றை எடுத்ததும் உள்ளே குறுகி வெளியே விரிந்துபோகும் ஒரு பழைய பீரங்கி வாய், பீரங்கியை நீட்டிச் சுட மதிலில் விட்ட திறப்பு, தெரிந்தது. எந்தக் காலத்திலோ யாரோ அவசரமாக அடைத்திருந்தார்கள். மேலிருந்து இறங்கிய மழைநீர் போக்கிடமில்லாமல் அதற்குள் தேங்கி மதிலைப் பிளந்திருந்தது.

"இதை அடைக்கக் கூடாது," என்றாள் ரவ்தா. "கட்டினவங்க வச்ச வழி இது. பெரியம்மா, என்னை மன்னிச்சிடுங்க."

கடைசிக் கல் விழுந்தபோது அறைக்குள் வெளிச்சம் வந்தது. ஹஷ்மி ஓர் ஆட்டுத்தோலை மடித்துப் போட்டு மனைவியை அங்கே உட்காரவைத்தார். திறப்பு வழியே கடல் தெரிந்தது. அவள் அவர் கையை விடவில்லை.

இன்னும் ஒன்பது வருஷம் அங்கே வாழ்ந்தார்கள். குளிர்காலத்தில் ஹஷ்மி கம்பளி அங்கியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு கெஞ்சுவார்:

"பலகை வச்சுச் சாத்தட்டுமா?"

"கை வச்சுத்தான் பாருங்களேன்!"