பேச வராதவளாக நான்

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் ஃப்யூஸ் கட்டை செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. விலங்கியலில் பி.எஸ்ஸி., முதல் வகுப்பு. பி.எட். சேர நினைத்த வருடம் அப்பா லாரியிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டுப் படுத்துவிட்டார். எனக்குக் கிடைத்த வேலை இதுதான்.

அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த கட்டைகள் எங்களிடம் வரும். ஓரத்துப் பிசிரை பிளேடால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, சூளைக்குப் போகும் பலகையில் அடுக்க வேண்டும். சுரண்டச் சுரண்ட வெள்ளைத் தூள் பறக்கும். மதியத்துக்குள் புருவமும் இமையும்கூட வெளுத்துவிடும். சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு. நாலடி தள்ளி நின்றால் எங்களில் யார் யாரென்று மேஸ்திரிக்கே குழப்பம் வரும்.

அந்தக் குழப்பம் எனக்கு வசதியாக இருந்தது. பெண்ணாடத்தில் ஒரு ஸ்கூலில் டீச்சராக இருப்பதாகத் தெருவில் சொல்லிவைத்திருந்தேன். தினமும் காலையில் கஞ்சி போட்ட காட்டன் சேலையும் தோளில் ஹேண்ட்பேக்குமாகப் பெண்ணாடம் பஸ் நிற்கும் இடம்வரை போவேன். தெரிந்த முகம் எதுவும் இல்லையென்றால் எஸ்டேட் பக்கம் திரும்பிவிடுவேன். கல்லூரித் தோழிக்கும் போனில் இதே பொய்யைத்தான் சொல்லியிருந்தேன். கல்லூரிக்குப் பின்னால் இருந்த முள்புதரில் இரண்டு பேரும் குச்சிப்பூச்சி தேடித் திரிந்தவர்கள். கண்ணெதிரே இருந்தாலும் அசையாதவரை அந்தப் பூச்சியைக் காண முடியாது. நானும் அசையாமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் எதிர்ப் பலகையில் ஒரு அக்கா வேலை செய்தார். அவருக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. எங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் மங்களூர் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். மதியம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். கருவாட்டுக் குழம்பில் பெரிய துண்டாகப் பார்த்து என் டப்பாவில் போடுவார். முதலாளி போன் பேசுவதை அவர் கையாலும் முகத்தாலும் செய்துகாட்டினால் புரையேறும்.

ஒருநாள் காலை மேஸ்திரி வந்து, "ஸ்கூல் புள்ளைங்க பாக்க வராங்க, நல்லா உக்காந்து செய்யுங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் முப்பது பிள்ளைகள் வரிசையாக உள்ளே வந்தார்கள். முன்னால் வந்த டீச்சர் என் தோழி. மங்கலம்பேட்டையில் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். இங்கே வருவாள் என்று நான் நினைக்கவில்லை.

துண்டை மூக்குவரை இழுத்துக் கட்டிக்கொண்டு குனிந்தேன். அவள் நேராக என் பலகைக்கே வந்தாள்.

"அக்கா, நீங்க என்ன செய்றீங்கன்னு புள்ளைங்களுக்குக் கொஞ்சம் சொல்றீங்களா?"

வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று வருடம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய குரல். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. விரல்களை உதட்டில் வைத்து, கையை விரித்து, தலையை ஆட்டினேன். பேச்சு வராது என்று சொல்ல எதிரில் இருக்கும் அக்கா செய்வது அதுதான். அதோடு விட்டிருக்கலாம். தொண்டையிலிருந்து அவர் எழுப்பும் சத்தத்தையும் எழுப்பினேன்.

தோழியின் முகம் இளகிவிட்டது. "மன்னிச்சிக்கங்கக்கா" என்றாள். பிள்ளைகளிடம் திரும்பி, "இவங்களால பேச முடியாது. ஆனா எவ்ளோ அழகா வேலை செய்றாங்க பாருங்க" என்றாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்காக.

நான் நிமிரவில்லை. ஆனால் எதிர்ப் பலகையில் பிளேடு நின்றுவிட்டது தெரிந்தது.

வரிசையிலிருந்த ஒரு பெண்பிள்ளை அந்த அக்காவிடம் போய், "இது எதுக்கு ஆன்ட்டி தண்ணி?" என்று கேட்டாள். அக்கா உதட்டில் விரல் வைத்துக் கையை விரித்தார். அதே சைகை, அதே சத்தம். பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மிஸ், இவங்க அவங்கள மாதிரியே நடிக்கிறாங்க மிஸ்."

முப்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். தோழி அவர்களை அதட்டினாள், ஆனால் அவளுக்கும் எது உண்மையென்று தெரியவில்லை. மேஸ்திரி என்னையும் அக்காவையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு எல்லோரையும் சூளைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

கொட்டத் தெரியாத ஒரு ஈ, குளவியின் மஞ்சள் வரிகளைத் தன் உடம்பில் போட்டுக்கொண்டு தப்பிக்கும் என்று பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியவள் நான். அந்த வரிகளை ஈயிடம் பார்த்துப் பழகிய பறவை நிஜக் குளவியை என்ன செய்யும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

மதியம் அக்கா தன் டப்பாவை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தார். பின்னாலேயே போனேன். மன்னிப்புக் கேட்கக் கையைத் தூக்கிவிட்டு இறக்கிவிட்டேன். எனக்குத் தெரிந்த சைகையெல்லாம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவை. மறுபடி அவரைப் போலச் செய்து அவரிடமே காட்ட முடியவில்லை. "தப்பு பண்ணிட்டேன்க்கா" என்று வாயால் சொன்னேன். அவர் என் உதட்டைப் பார்த்தார். பிறகு தன் சோற்றைப் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் பூத்திலிருந்து தோழிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ என்ன வேலை செஞ்சா எனக்கென்னடி?" என்றாள். "புள்ளைங்க கட்டுரை எழுதிட்டு வந்திருக்குது. பாதி பேரு உன்னைப் பத்தித்தான் எழுதியிருக்காங்க. அந்தம்மாவ நடிக்கிறவங்கன்னு எழுதியிருக்காங்க. நான் என்னன்னு திருத்தறது?"

அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்வது குறைந்தது. நான் அழைத்தால் எடுப்பாள், அவளாக அழைக்க மாட்டாள்.

அக்காவும் என்னை விரட்டிவிடவில்லை. தண்ணீர்க் கிண்ணம் கேட்டால் நகர்த்துவார். மதியம் மட்டும் சுவரோரம்தான். கம்பெனியில் ஒவ்வொருவருக்கும் பெயருக்குப் பதிலாக ஒரு சைகை வைத்திருந்தார். மேஸ்திரிக்கு மீசையை முறுக்குவார். என் நீளமான பின்னலை இழுத்துவிடுவதுபோலச் செய்தால் அது நான். அந்த நாளுக்குப் பிறகு என்னைக் குறிக்க அவர் பின்னலை இழுக்கவில்லை. உள்ளங்கையால் வாயைப் பொத்திக் காட்டினார். மற்ற பெண்களும் அதையே செய்ய ஆரம்பித்தார்கள். யாரும் கேலியாகச் செய்யவில்லை. அவர்களுக்கு அது என் பெயர், அவ்வளவுதான்.

பிறகு பி.எட். முடித்து நிஜமாகவே டீச்சரானேன். ஐந்தாறு வருடம் கழித்து ஒரு சாயங்காலம் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். கூடப் பத்து வயது மகள். என்னைக் கண்டதும் அக்கா சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. மகளின் தோளைத் தட்டி, என்னைக் காட்டி, வாயைப் பொத்தினார்.

அந்தப் பிள்ளை என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக, உதடு நன்றாகத் தெரியும்படி கேட்டாள்:

"அத்தே, உங்களுக்கும் பேச வராதா?"

"வரும்மா" என்றேன். அதற்கு மேல் சொல்வதற்குள் அவர்களுடைய பஸ் வந்துவிட்டது.