கண்மாய்க்குள் ஒரு பூனைக்குட்டி

1981-ஆம் வருடம், பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. போடியில் என் கணவரோடு வேலை பார்த்த ஆசிரியர்கள் சிலர், பறவை பார்க்க ராசிங்காபுரம் பக்கத்துக் கண்மாய்க்குக் கிளம்பினார்கள். கைக்குழந்தையோடு நானும் போனேன்.

போனேனே தவிர, பஸ்சை விட்டு இறங்கியதுமே வந்திருக்க வேண்டாமோ என்று மனசு அடித்துக்கொண்டது. பிள்ளைக்கு வெயில் ஒத்துக்கொள்ளுமா? கொண்டுவந்த வெந்நீர் போதுமா? பிதுங்கி வழிந்த என் பையைப் பார்த்துக் கணக்கு ஆசிரியர், "என்ன தங்கச்சி, வீட்டையே காலி பண்ணிக் கொண்டாந்துட்டீகளா?" என்றார்.

கடலைக்காட்டு வரப்பில் நடந்து கரையேறினோம். எல்லோரும் பார்க்க வந்தது நீளவால் இலைக்கோழியை. தாமரை இலைமேல் நடக்கிற பறவை. அதை இங்கே பார்த்ததாகச் சொல்லி அத்தனை பேரையும் அழைத்து வந்தவர் என் கணவர்தான்.

நாங்கள் உட்கார்ந்ததும் என் மகள் வீறிட்டாள். தண்ணீரில் நின்ற கொக்குகள் மொத்தமும் எழும்பி மலைப்பக்கம் பறந்துவிட்டன. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். இனி வாயே திறப்பதில்லை என்று பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கருவேல நிழலுக்கு ஒதுங்கினேன்.

வெயில் ஏறியது. இலைக்கோழியைக் காணோம்.

"சாரு கனவுல பாத்திருப்பாரு. வாங்கப்பா, பஸ்சைப் பிடிப்போம்" என்று கணக்கு ஆசிரியர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். என் கணவரின் முகம் சுண்டிப்போனது.

அப்போதுதான் தண்ணீர்ப் பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டது. 'மியாவ்.' எவரோ குட்டியைச் சாக்கில் கட்டிக் கண்மாயில் எறிந்துவிட்டார்களோ என்று பதறினேன். சொல்வதா, வேண்டாமா? உறக்கத்திலும் பிள்ளையின் மூச்சைக் கேட்டுக்கொண்டே கிடப்பவள் நான். இல்லாத சத்தமும் எனக்குக் கேட்கும் என்று வீட்டில் கேலி செய்வார்கள். மறுபடியும் 'மியாவ்.' பொறுக்க முடியவில்லை.

"ஏங்க, தண்ணிக்குள்ள பூனைக்குட்டி கத்துதுங்க!"

"கண்மாய்க்குள்ள பூனைக்கு என்ன சோலி தங்கச்சி? மீன் வாங்க வந்துச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். விலங்கியல் ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. "இலைக்கோழியும் அப்படித்தேன் கத்தும்னு படிச்சிருக்கேன். எங்கிட்டிருந்தும்மா? வெரசா காட்டுங்க!"

தாமரை அடர்ந்திருந்த மூலையைக் காட்டினேன். பைனாகுலரை வைத்துப் பார்த்தவர் கத்தியேவிட்டார்.

"அந்தா! அந்தா நிக்கிது!"

வெள்ளை இறக்கை, பிடரியில் தங்க நிறம், அரிவாள் போல் வளைந்த கறுப்பு வால். என் கணவர் கணக்கு ஆசிரியரைப் பார்த்து, "கனவா சார்?" என்றார். அவரோ தன் முறை வந்தும் பார்க்காமல் பைனாகுலரை என்னிடம் நீட்டினார்.

"மொதல்ல நீங்க பாருங்க தங்கச்சி. உங்க பூனைதான?"

திரும்பும்போது என் பையைச் சுமந்து வந்ததும் அவர்தான்.

ஆறு வருடமாகிவிட்டது; அந்த மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். இன்றும் எதைச் சொல்லுமுன்னும் தப்பாகிவிடுமோ என்று தயங்குகிறேன். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு, தயங்கிக்கொண்டே சொல்லிவிடுகிறேன்.