கிழியாத ஆறு சட்டைகள்

விஜயராணியை நான் திட்டாத நாள் குறைவு. எங்கள் பனியன் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரனுக்கும் தையல் லைனுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் வேலை. மேலே வாங்கியதைக் கீழே இறக்கிவிடுவேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்பது வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். விஜயராணி மட்டும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிங்க மேடம், மாத்தித் தாரேன்" என்று துணியை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். அதற்கப்புறம் எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கும்.

சாத்தூர்ப் பக்கத்துக்காரி. புருஷன் லாரி மோதிப் போய்ச் சேர்ந்த பிறகு கைக்குழந்தையோடு திருப்பூருக்கு பஸ் ஏறினாள். முதலில் பீஸ் மடித்துக் கொடுக்கும் வேலை, அப்புறம் ஓவர்லாக் டெய்லர். அனுப்பர்பாளையத்தில் ஒரே அறை உள்ள லைன் வீடு. சுற்றிலும் கல்யாணமாகாத பையன்கள் ஆறேழு பேராக அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். ஒன்பதாவது படிக்கும் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கதவைத் தாழிட்டுக்கொண்டு, அம்மா வேலை முடிந்து வரும்வரை தனியாக உட்கார்ந்திருப்பாள். எங்கள் தையல் லைன் முடிய ராத்திரி எட்டரை ஆகும். மாதிரி பீஸ் தைக்கும் சாம்பிள் ரூமில் மட்டும் ஐந்தரைக்கு மிஷினை நிறுத்திவிடலாம். அந்த ரூமில் ஓர் இடம் கேட்டு மூன்று வருஷமாக என் பின்னால் நடந்தாள்.

அப்போதுதான் ஒரு அமெரிக்க சினிமாவுக்கு ஆட்டச் சட்டை தைக்கும் ஆர்டர் வந்தது. அமெரிக்காவில் புட்பால் என்றால் காலால் உதைப்பதில்லை. முட்டை மாதிரி ஒரு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓட, எதிராளிகள் நாலைந்து பேர் மேலே விழுந்து அமுக்குவார்கள். அங்கே அதுதான் பெரிய தொழில், பெரிய காசு. படத்தின் கதாநாயகன் வயதாகிப்போன ஆட்டக்காரன். விலா எலும்பு முறிந்ததை மறைத்து, சட்டைக்குள் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடுகிறான். தெரிந்தால் டீமை விட்டு அனுப்பிவிடுவார்கள். கடைசி மேட்சில் எதிராளி சட்டையைப் பிடித்து இழுக்க, அக்குளிலிருந்து இடுப்புவரை தையல் விட்டு, ஸ்டேடியமே அந்தக் கட்டைப் பார்க்க வேண்டும். அதற்கென்று தனியாக ஆறு சட்டை. ஓடும்போது தாங்க வேண்டும், இழுத்தால் விட்டுவிட வேண்டும்.

முதலாளி கிட்டுசாமி என்னைக் கூப்பிட்டார். "அந்த விஜயராணிகிட்டக் குடுத்துப் பாருங்க அம்மிணி. ஆறையும் சரியாப் பண்ணிட்டா சாம்பிள் ரூமுக்கு மாத்திக்கலாமுங்க."

அவள் எத்தனை விதமாகத் தைத்துப் பார்த்தாள் தெரியுமா? தையலை நீளமாக்கினாள், நூலை மாற்றினாள். கடைசியில் பாலியஸ்டரை விட்டுவிட்டுப் பழைய காட்டன் நூலைப் போட்டாள். சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவனை மொட்டை மாடியில் ஓடவிட்டோம். ஒன்றும் ஆகவில்லை. நான் பிடித்து ஒரு இழு இழுத்தேன். சர்ரென்று விட்டது. அன்றைக்கு நானே அவள் தோளைத் தட்டிக் கொடுத்தேன்.

ஆறு சட்டையும் தயாராகி, பெட்டி போய், மூன்றாவது வாரம் மெயில் வந்தது. ஒரு சட்டை கூடக் கிழியவில்லை. நடிகரை இழுத்து இழுத்துக் கீழே தள்ளியதுதான் மிச்சமாம். ஒரு நாள் ஷூட்டிங் வீண். உள்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். காட்டன் தையலுக்கு மேலே இன்னொரு தையல், கெட்டியாக.

முதலாளி ரூமில் வைத்து அந்தப் போட்டோவை விஜயராணியிடம் நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நாந்தான் சார் போட்டேன்," என்றாள் முதலாளியிடம். "வழியிலேயே விட்டுப் போச்சுன்னா என்ன செய்யன்னு பயந்துட்டேன்."

நான் கத்திய கத்தலில் வெளியே மிஷின்கள் நின்றுவிட்டன. நான் திட்டுவது புதிதில்லை என்பதால் எதற்கென்று யாரும் கேட்கவில்லை. கூறு கெட்டவள் என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். சாம்பிள் ரூம் இடம் வேறு ஆளுக்குப் போனது. அவள் பழையபடி லைனில், எட்டரை மணிவரை. மகள் பழையபடி தாழிட்ட கதவுக்குள்.

கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்துப் படம் வந்தது. எல்லாரும் கேட்டுக்கொண்டே இருந்ததால், ஒரு சனிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் டேபிள் மேல் என் லேப்டாப்பை வைத்து, கடைசி மேட்சை மட்டும் போட்டுக் காட்டினேன். டிபன் பாக்ஸும் கையுமாக எல்லாரும் சுற்றி நின்றார்கள். அவன் பந்தோடு ஓடுகிறான். எதிராளி எட்டிப் பிடிக்கிறான். சட்டை அக்குளிலிருந்து இடுப்புவரை கிழிந்து, வெள்ளைக் கட்டு தெரிகிறது. எல்லாரும் கை தட்டினார்கள்.

செக்கிங் ஒச்சாயி மட்டும் தட்டவில்லை. உசிலம்பட்டிக்காரி, முன்பு டெய்லராக இருந்தவள், எங்களிடம் பதினெட்டு வருஷம். தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் விரித்து, தையலை இழுத்துப் பார்த்துத்தான் விடுவாள்.

"அது எப்பிடித்தா கிழியும்?" என்றாள். "நானே பாலியஸ்டர் நூல்ல ஓட்டிவிட்டேனே."

விஜயராணி அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, சோறு ஆறுது, வாங்க."

"இருத்தா. அன்னைக்கு இழுத்துப் பாத்தா ஆறும் பொலபொலன்னு விடுது. டேமேஜ் ஸ்டிக்கர் ஒட்டுனா உன் பேருல்ல கெடும்? அதான் டீ டைம்ல யாருக்கும் தெரியாம நானே மிஷின்ல உக்காந்து கெட்டியா அடிச்சேன். அதுவா கிழிஞ்சிருச்சு?" ஒச்சாயிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அது நம்ம சட்டை இல்லக்கா," என்றாள் விஜயராணி. "அவுக வேற எங்கயோ வாங்கிப் போட்டிருக்காக. நீங்க தச்சதாவது, கிழியுறதாவது."

"அதான பாத்தேன்," என்று ஒச்சாயி சமாதானமாகிச் சாப்பிடப் போனாள்.

நான் டிபன் பாக்ஸை மூடி வைத்தேன். இது கிழிய வேண்டிய சட்டை, தையலைத் தொடாதே என்று கட்டிங்கில் சொன்னேன், டெய்லரிடம் சொன்னேன். செக்கிங்கில் சொன்னேனா? இல்லை. ஆர்டர் பேப்பரில் இங்கிலீஷில் இருந்தது. ஒச்சாயி அதை எங்கே படிக்க? தப்பை நான் செய்துவிட்டு, திட்டையும் நானே திட்டியிருக்கிறேன்.

கை கழுவும் குழாயடியில் விஜயராணியை மடக்கினேன். "போட்டோ பாத்தப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம். நுனியில ரெண்டு தடவை மடிச்சு அடிக்கிறது அவுகதான்."

"அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"சொன்னா அவுகள நிப்பாட்டிருப்பீங்க. எனக்கு ரூம் போனா லைன் இருக்கு. அறுபது வயசுல அவுகள எந்தக் கம்பெனியில சேத்துக்குவாக? எனக்காகச் செஞ்சாக மேடம்."

நேராக முதலாளி ரூமுக்குப் போனேன். "அந்த ஆறு சட்டைக்கும் ரெண்டாவது தையல் போடச் சொன்னது நான்தானுங்க. விஜயராணி என் பேரைச் சொல்லாம, பழிய ஏத்துக்கிட்டா." பாதி பொய். ஒச்சாயி பெயரை எடுக்காமல் வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கிட்டுசாமிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதைதான் கூடும். "இதச் சொல்றதுக்கு ஒரு வருசமாச்சுங்களா அம்மிணி? ரொம்பச் சந்தோசமுங்க. நாளைக்கழிச்சு வெளிநாட்டு பைலெல்லாம் இளங்கோகிட்டக் குடுத்துருங்க. நீங்க லோக்கல் ஜட்டி ஆர்டரப் பாத்துக்கங்க. அந்தப் புள்ளைய சாம்பிள் ரூம்ல உக்காரச் சொல்லுங்க."

பதினாலு வருஷம் பார்த்த பைல்கள். கட்டிக் கொடுக்கும்போது எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

திங்கட்கிழமை ஐந்தரைக்கு விஜயராணி மிஷினுக்கு உறை போட்டுவிட்டு என் மேஜை முன்னால் வந்து நின்றாள். விஷயம் அவள் காதுக்குப் போயிருந்தது.

"ஏன் மேடம் இப்பிடிப் பண்ணீக?"

"மணி என்னன்னு பாத்தியா?" என்று எரிந்து விழுந்தேன். "புள்ள ஸ்கூல் விட்டு வந்திருக்கும். கெளம்பு."

அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.