அது பார்வதான் சார்

நாய் வளர்ப்பது பற்றி எனக்கும் அம்மாவுக்கும் ஒரு மண்ணும் தெரியாது. மிச்சச் சோற்றைத் தெருவில் கொட்டுவோம், எது வந்தாலும் தின்றுவிட்டுப் போகும். நாய்களோடு எங்களுக்கு இருந்த உறவு அவ்வளவுதான்.

இன்ஜினியரிங் முடித்துவிட்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்பு மில்லில் கான்ட்ராக்ட் வேலையில் இருக்கிறேன். திருவள்ளூர் பக்கம் தெருக்குட்டிகளை எடுத்து வளர்க்கும் ஒரு காப்பகம் போட்ட படத்தைப் போனில் பார்த்து, ஒரு காது மட்டும் மடங்கிய குட்டியிடம் விழுந்துவிட்டேன். சொன்னபோது அம்மா வெங்காயத்திலிருந்து தலை தூக்கவில்லை.

"ஊட்ல ஏற்கெனவே ஒண்ணு துண்ணுட்டு தூங்கினு கீது. இன்னொண்ணு இன்னாத்துக்கு?"

காப்பகத்து அக்கா பெண் பார்க்க வந்த மாதிரி கேள்வி கேட்டார். சொந்த வீடா, பகலில் யார் பார்த்துக்கொள்வார்கள், கட்டிப் போடுவீர்களா. முதல் ஊசி போட்டாயிற்று, அடுத்தது போடும்வரை வெளியே விடக்கூடாது என்றார். ஏதாவது என்றால் கூப்பிடச் சொல்லி நம்பர் கொடுத்தார். அட்டைப்பெட்டியில் வைத்து பஸ் மாறிக் கொண்டுவந்தேன். ஊத்துக்கோட்டை வருவதற்குள் பெட்டியும் என் பேன்ட்டும் நனைந்துவிட்டன.

அம்மாவின் வீறாப்பு அன்று சாயங்காலம்வரைகூடத் தாங்கவில்லை. என்னைக் கூப்பிடுகிற மாதிரியே அதையும் "நைனா" என்றாள். "நைனா, சோறு துண்ண வா" என்றால் இரண்டு பேரும் போவோம். நான் உட்காருவதற்குள் அது தட்டில் கால் வைத்திருக்கும். பக்கத்து வீட்டுப் பெண் கைக்குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க வருவாள்.

"இவன் மூஞ்ச பாரேன், ராஜா மாதிரி கீறான்!" என்று அம்மா குட்டியைத் தூக்கிக் காட்டுவாள்.

"ஓவரா கொஞ்சறக்கா. உன் கண்ணே பட்டுடப் போவுது."

எல்லோரும் சிரித்தோம்.

ஒருநாள் மதிய ஷிப்ட்டுக்குப் போனேன். மில்லுக்குள் போன் கூடாது, கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். அடுத்த ஷிப்ட்டுக்கு வரவேண்டியவன் வராததால் சூப்பர்வைசர் டபுள் டூட்டி போட்டுவிட்டார். காலையில் வெளியே வந்து போனை வாங்கினால், வரிசையாக அம்மாவின் மிஸ்டு கால்.

வீட்டில் குட்டி ஈரத்துணி மாதிரி கிடந்தது. கழுத்தில் கறுப்புக் கயிறு, நெற்றியில் திருநீறு. ரத்தம் கலந்த பேதியின் நாற்றம், அதற்கு மேல் சுட்ட மிளகாய் நெடி.

"நீ போனதுமே கக்குச்சி நைனா. உனுக்கு அடிச்சா எடுக்கல. அந்தக் காப்பகத்துப் பொண்ணுக்குப் போட்டன். இன்னான்னு அதுவே சொல்லிச்சி. லேட் பண்ணாதீங்க, ஒடனே தூக்கினு ஓடுங்கன்னுச்சி. நான் ஒரு நிமிசம் நிக்கல. ஆட்டோ புடிச்சி அம்மன் கோயில் பூசாரியாண்ட ஓடினன்."

பூசாரி எதற்கு என்று கேட்க நேரமில்லை. குட்டியைத் துண்டில் சுருட்டிக்கொண்டு இரண்டு பேரும் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் ஈறை அழுத்திப் பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார்.

"பார்வோ."

"அதான் சார்!" என்றாள் அம்மா. "அது பார்வதான் சார். போன்ல அந்தப் பொண்ணும் அதயேதான் சொல்லிச்சி. என் கண்ணுதான் பட்டுடுச்சி."

டாக்டர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காப்பகத்து அக்கா சொன்னது ஒரு வைரஸின் பெயர். அம்மா காதில் விழுந்தது பார்வை. கண் திருஷ்டி. அவள் சோம்பேறித்தனம் பண்ணவில்லை, அலட்சியம் பண்ணவில்லை. ஓடச் சொன்னவுடன் ஓடியிருக்கிறாள். அந்த ஒரே ஒரு எழுத்து, பாவி எழுத்து, அவளைக் கோயில் பக்கம் திருப்பிவிட்டது.

"நேத்தே கொண்டு வந்திருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"சார்," என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நரம்பு கிடைக்காமல் இரண்டு கால்களிலும் குத்தினார்கள். குளுக்கோஸ் பாதிகூட இறங்கவில்லை.

தெருக்கோடியில் இருக்கும் காலி மனையில் புதைத்தேன். எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் மில்காரர்கள் கொட்டிய இரும்புக் கசடுதான் வரும். கடப்பாரை போடும்போதெல்லாம் டங் டங் என்றது. இவ்வளவு சின்ன உடம்புக்கு இவ்வளவு இடிக்க வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் பக்கத்து வீட்டுப் பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தூக்கினு போடி. என்னாண்ட காட்டாத."

"இன்னாக்கா கோவம்?"

"போடின்னா."

உன் கண்ணில் ஒன்றுமில்லை, அது ஒரு கிருமி என்று நான் அம்மாவிடம் சொல்லிவிடலாம். சொன்ன அடுத்த நொடி அவள் கேட்பாள்: அப்போ நேத்தே ஊசி போட்டிருந்தா பொழச்சிருக்குமா? அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, அதுதான் பிரச்சினை. கண் வைத்துக் கொன்றோம் என்று அவள் நினைப்பது மேலா, காது தவறிக் கொன்றோம் என்று நினைப்பது மேலா? இவ்வளவு படித்தும் எனக்குத் தெரியவில்லை.

நேற்று "நைனா, சோறு துண்ண வா" என்று கூப்பிட்டாள். போய் உட்கார்ந்தேன். குழம்பு ஊற்றினாள், அப்பளம் வைத்தாள். இப்போதெல்லாம் அவள் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை.

"நிமிந்து என்னப் பாரும்மா," என்றேன்.

"துண்ணு," என்றாள், தட்டைப் பார்த்தபடியே.