மகேந்திரன் இறுக்கிய கப்பல் கடிகாரம்

ராமாபுரத்திலிருந்து மைசூருக்கு வந்து முப்பது வருஷமாகத் தராசு பழுது பார்க்கிறார் மகேந்திரன். அங்கே மண்டி மொஹல்லா வட்டாரத்தில் எந்தக் கடைத் தராசு தடுமாறினாலும் அவரிடம்தான் வரும். ஆடுவதை நிறுத்துவதுதான் அவர் பிழைப்பு. பொல்லாத நேரம், ஆறு மாதமாக அவருடைய வலது கையே நடுங்குகிறது. விஷயம் வெளியே தெரிந்தால் கடைக்குப் பூட்டுத்தான் என்று பயந்து, ஆள் வந்தால் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வார்.

போன வாரம் பிரதிபா என்ற பெண் ஒரு பித்தளைச் சாமானைக் கொண்டுவந்தாள். அவள் அப்பா கப்பலில் வேலை பார்த்தவர். அங்கே வைத்திருந்த சூரியக் கடிகாரமாம். "கண்ணாடி மட்டும் மாத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மகேந்திரன் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒரு வளையம், அதற்குள் இன்னொரு வளையம், அதற்குள் மணிக்கோடு போட்டுக் கண்ணாடி மூடிய கிண்ணம். தொட்டால் எல்லாம் ஊசலாடின. இப்படி ஆடினால் நிழல் எங்கே விழும், மணி எப்படித் தெரியும்? தலையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில் கேட்காத வேலையையும் சேர்த்துச் செய்தார். இரண்டு ஸ்க்ரூ போட்டு மொத்தத்தையும் இறுக்கிவிட்டார். மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை.

இன்று காலை பிரதிபா வந்து தொட்டுப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"அங்கிள், ஏன் டைட் பண்ணிட்டீங்க? இது ஆடணும் இல்லையா?"

"ஆடறது பழுதுங்களே, அம்மணி?"

"கப்பல் சாயும்ல? வளையம் ஆடினாத்தான் உள்ள இருக்கறது நேரா நிக்கும். கழட்டிடுங்க, ப்ளீஸ்."

அவள் நகரவில்லை. வேறு வழியில்லாமல் கையை வெளியே எடுத்தார். திருப்புளி இரண்டு முறை வழுக்கி, பிறகுதான் ஸ்க்ரூ கழன்றது. அவள் பார்த்துவிட்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று அவருக்குக் காது சுட்டது.

"வெயில்ல பாத்துடலாம், நீங்களே எடுத்துட்டு வாங்க" என்றாள்.

வேண்டுமென்றே சொல்கிறாளா? புரியாமலே ஏந்திக்கொண்டு தெருவுக்கு வந்தார். அதிலிருந்த காந்த ஊசியைப் பார்த்து அவரை வடக்கே திருப்பி நிறுத்தினாள். கை நடுங்கியது. வெளி வளையம் நடுங்கியது. உள்ளே கிண்ணம் மட்டும் சமமாக நின்றது. நிழல் பதினொன்றேகாலில் கோடாக விழுந்திருந்தது. கடைச் சுவர்க் கடிகாரத்திலோ பதினொன்று நாற்பது.

"இருபத்தஞ்சு நிமிஷம் குறையுதுங்களே?"

"வெயில் மணி இந்த ஊருக்கு மட்டும், கடிகார மணி நாடு முழுக்க. மிச்சம் அப்பாவுக்குத்தான் தெரியும்" என்று சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே, என்ன பெண் இவள்? மகேந்திரனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மதியம் மளிகைக்கடை மல்லப்பன் தராசோடு வந்தபோது கை தானாகப் பையைத் தேடிப் போனது. பாதியில் நிறுத்தி மேஜைமேல் வைத்தார். அது நடுங்கியது. மல்லப்பன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கை ஆடுமுங்க" என்றார் மகேந்திரன். "தராசு நேரா நிக்கும்."