வாப்பாவின் தண்ணீர் மெஷின்

கரையோரக் கிணறுகளில் உப்பை அளப்பதே என் தொழிலாகிவிட்டது. எந்த ஊரிலும் பம்ப் மெஷினின் மண்ணெண்ணெய்ப் புகை மூக்கில் பட்டால், எழுபதுகளின் கடைசியில் மருதமுனையில் எங்கள் வீட்டு வளவில் இருந்த, இப்போது தூர்ந்துபோன நன்னீர்க் கிணறு கண்முன்னால் வந்துவிடும். விடிந்ததும் தண்ணீர் அள்ள வரும் எங்கள் தெருப் பெண்களின் வாளிகள் இடிபடும், ஈரமணல் காலில் ஒட்டும், பிறகு பகல் முழுக்க வாப்பாவின் புதிய மெஷின் தென்னங்கன்றுகளுக்கு இறைத்தபடி படபடக்கும்.

அந்த மெஷினைப் பொருத்திப் பூட்ட வந்தவர் வாப்பாவிடம், "கனக்க இறைக்காதீங்க ஹாஜியார், அடியில கிடக்கிற உப்புத் தண்ணி மேல ஏறிரும்" என்றபோது நான் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கு விளங்கவில்லை. வாப்பா "ஓம், ஓம்" என்றார்.

தண்ணீர் கரிக்கத் தொடங்கியதும், கிணற்றடியில் கருவாடு கழுவிக் கெடுத்துவிட்டாள் என்று அடுத்த வீட்டு ஆசியா மாமியை வாப்பா எல்லோர் முன்னும் ஏசி, அவர் தண்ணீர் அள்ள வந்துபோகும் வேலிக் கடப்பை அடைத்தார். நானும் நம்பி, மாமியின் மகளோடு கதைப்பதை விட்டேன்.

பல்கலைக்கழகத்தில், கடலோரக் கிணற்றில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்புநீர் கூம்பாக மேலெழும் என்று விரிவுரையாளர் கரும்பலகையில் வரைந்து காட்டிய அன்று, அந்த "ஓம், ஓம்" என் காதில் கேட்டது.

லீவில் வந்து, கிணற்றில் உப்பு ஏறியது மெஷினால்தானே என்று வாப்பாவிடம் கேட்டேன். வேலிக்கு அப்பால் மாமி, நரைத்த தலையோடு, பள்ளிவாசல் கிணற்றிலிருந்து குடம் சுமந்து போய்க்கொண்டிருந்தார். வாப்பா அவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"தென்னை காய்க்குதுதானே புள்ள" என்றார்.